மணியின் நோட்டைத் தேடி அருமனைக்கு

மார்த்தாண்டத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் புட்டும் பயறும் இரண்டு சின்ன மட்டி வாழைப்பழங்களும் வைத்தார்கள். வெளியே மழை விட்டபாடில்லை. பசித்தது, ஆனால் தொண்டைக்குள் இறங்கவில்லை. எதிரில் இருந்த பெரியவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பழத்தப் போட்டுப் பெசஞ்சு தின்னுங்கோ, அப்பத்தான் எறங்கும்” என்றார். ஈப்போவில் அம்மா புட்டுக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும்தான் தருவார். அவர் சொன்னபடி பிசைந்தேன். இறங்கியது.

“எங்க உள்ளதாக்கும்?” என்று கேட்டார்.

“மலேசியா.”

“பாத்தா நம்ம ஊரு மாதிரித்தான் இருக்கிய. எங்க போணும்?”

“அருமனை.”

நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவள். பதினான்கு ஆண்டுகளாக ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. இந்தியாவுக்கு இதற்கு முன் ஒரே ஒருமுறை, சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன். இந்த முறை வந்தது ஓர் ஆளைத் தேடி.

எங்கள் கூடத்தில் எலக்ட்ரான்களை மிக அதிகமாக வேகப்படுத்தும் ஒரு சிறிய முடுக்கி இருக்கிறது. எலக்ட்ரான்களை அந்த அளவு வேகப்படுத்த வழக்கமாக நீளமான சுரங்கக் கூடம் வேண்டும். நாங்கள் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சிமிழில் வாயுவை நிரப்பி, அதற்குள் லேசர் துடிப்பைச் செலுத்துவோம். வாயு பிளாஸ்மாவாகும். படகு போனபின் தண்ணீரில் எழும் அலையைப் போல லேசருக்குப் பின்னால் அதில் ஓர் அலை எழும். அந்த அலையில் ஏறிக்கொள்ளும் எலக்ட்ரான்கள் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் வேகம் பிடித்துவிடும்.

தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு முறை சுடும்போதும் எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு விதமாக வரும். ஒரு ஷாட் திரையின் நடுவில் விழும். அடுத்தது இடப்பக்கம் ஒதுங்கும். அதற்கடுத்தது மேலே ஏறும், வேகமும் குறைந்திருக்கும். என்றாவது ஒருநாள் புற்றுநோய்க் கட்டிமேல் பாய்ச்ச வேண்டிய கற்றை இது. இப்படி அலைந்தால் எந்த மருத்துவர் தொடுவார்?

போன குளிர்காலத்தில் மணி அதை அலையாமல் நிறுத்திக் காட்டினான். முழுப்பெயர் வைகுண்டமணி, அருமனைக்காரன், என் குழுவில் இளைய ஆய்வாளன். மூன்று நாட்கள், காலை முழுவதும், கற்றை திரையின் நடுவை விட்டு நகரவில்லை. கட்டுரை எழுதினோம், அச்சுக்கும் ஏற்றார்கள். பிறகு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மணி ஊருக்குக் கிளம்பினான். ஒரு மாதம் கழித்து வேலையை விடுவதாக இரண்டு வரி எழுதினான். அவன் போனபின் அந்த நிலைத்தன்மை யார் கைக்கும் வரவில்லை. தேடிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. ஒவ்வொரு ஷாட்டும் திரையில் விழுவதைக் கேமரா படமெடுத்துச் சேமிக்கும். அந்த மூன்று நாட்களில் லேசர் துடித்த எண்ணிக்கைக்கும் சேமிப்பில் இருந்த படங்களுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. பாதிக்கு மேல் படங்கள் இல்லை.

மோசமான ஷாட்களை அவன் அழித்திருப்பான் என்று எங்கள் தலைவர் டீட்டரிடம் முதலில் சொன்னவள் நான்தான்.

டீட்டர் எழுதிய கடிதத்துக்கு மணி பதில் போடவில்லை. அவனுடைய பழைய எண் செத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஒரு மருத்துவமனைக் குழு கூடி, எங்கள் கற்றையை வைத்துச் சோதனைகளைத் தொடங்கலாமா என்று முடிவெடுக்க இருந்தது. “வியாழனுக்குள் அவனைக் கண்டுபிடி. இல்லாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவேன். காரணத்தையும் எழுதுவேன்” என்றார் டீட்டர். அந்தக் காரணம் வெளிவந்தால் மணிக்கு இந்தத் துறையில் எங்குமே இடம் கிடைக்காது.

நான் மார்த்தாண்டத்தில் இறங்கியது திங்கட்கிழமை.

ஆட்டோக்காரர் பெயர் தங்கராஜ். சவுதியில் பன்னிரண்டு வருடம் கிரேன் ஓட்டியவர். வழியெல்லாம் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் மழைக்காகக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை. எங்கள் ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டங்களெல்லாம் எண்ணெய்ப் பனையாகி வெகுநாள் ஆயிற்று. வேறொரு நாளாக இருந்தால் இறங்கி நின்று பார்த்திருப்பேன்.

“ஆரப் பாக்கணும்?” என்றார் தங்கராஜ்.

பெயரைச் சொன்னேன். “கூட வேலை பார்த்தவர்.”

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். “வல்ல பிரச்சினையும் உண்டா?”

“முகவரி இது” என்று தாளை நீட்டினேன்.

வீடு ஒரு சரிவில் இருந்தது. நிலைக்கு மேலே அய்யா வழிக்காரர்களின் நாமம், தாமரைமேல் சுடர் நிற்பதுபோல. கதவில் பூட்டு. பக்கத்து வீட்டுப் பெண் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். “ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கினும். திருவனந்தபுரத்துக்கு. தெனமும் போணும், கரண்டு வைக்கதுக்கு. மதியத்துக்கு மேல வருவினும்.”

அந்தப் பக்கத்தில் கதிர்ச் சிகிச்சையைக் ‘கரண்டு வைக்கது’ என்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் மணி சொல்லியிருந்தான். என்ன உடம்பு என்று நான் கேட்கவே இல்லை.

மூன்று மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. இளம்பெண் ஒருத்தி இறங்கி, ஒரு முதியவரைத் தாங்கி இறக்கினாள். மெலிந்த மனிதர். கழுத்தின் ஒரு பக்கம் தோல் கருகிச் சிவந்திருந்தது. நான் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

“நீங்கதான் அந்த லேப்ல உள்ள அக்காவா?”

“ஆமாம். மணி இருக்காரா?”

“நான் அவனுக்க தங்கச்சி, கனி. அண்ணன் இப்ப இங்க இல்ல.” அப்பாவை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். “ஒங்க பெரிய சாரு எழுதின கடிதத்த நானும் வாசிச்சேன். எனக்க அண்ணன் கள்ளன் இல்லக்கா.”

“கள்ளன் என்று யாரும்...”

“பொறவு எதுக்கு வந்திய?”

கதவு சாத்தப்பட்டது. மழையில் நின்றேன். தங்கராஜ் ஆட்டோவை விட்டு இறங்கி அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். “பய்யன் ஆரல்வாய்மொழியில காத்தாடிக் கம்பெனில நிக்கானாம். ஒவ்வொரு வாரமும் புதன்கெழமை லீவு. நாளைக்கு அங்க போனா பாக்கலாம்.”

காத்தாடி என்றால் காற்றாலை.

செவ்வாய்க்கிழமை காலை பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. தக்கலை தாண்டிச் சற்று தூரத்தில் பின்சக்கரம் வெடித்தது. எல்லோரும் இறங்கினோம். நடத்துநர் டயரை ஒருமுறை உதைத்துப் பார்த்துவிட்டு, “அடுத்த வண்டி வரும்” என்றார்.

“எப்போது வரும்?”

“வரும்.”

வந்த வண்டிகள் இரண்டும் கதவில் ஆள் தொங்க நிற்காமல் போயின. ஜெர்மனியில் ரயில் ஏழு நிமிடம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். அதைக் கேட்டே எரிச்சல்படுகிறவள் நான். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னோடு இறங்கிய பெண்கள் இருவர் கடை ஓரத்தில் ஒதுங்கி, யாருடைய மருமகளையோ பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி சாலைக்கும் கடைக்கும் நடந்தேன்.

கடைசியில் தோவாளைப் பூச்சந்தைக்கு வெறும் சாக்குகளோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். பூ இல்லை, ஆனால் சாக்குகளில் பிச்சிப்பூ வாசம் அப்படியே இருந்தது. தலைவலி வரும் அளவுக்கு இருந்தது.

“காத்தாடி பாக்கவா போறிய?” என்றார் வேன்காரர். “பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கும். பக்கத்துல நின்னா நெஞ்சுல கேக்கும்.”

தோவாளையிலிருந்து ஓர் ஆட்டோ பிடித்தேன். ஆரல்வாய்மொழியில் மழை இல்லை, காற்று இருந்தது. மலைகளுக்கு நடுவே உள்ள திறப்பு வழியாக அது வந்து மோதியதில் ஆட்டோவே ஒரு பக்கம் தள்ளிப் போனது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காத்தாடிகள் சுழன்றுகொண்டிருந்தன. ஒன்று மட்டும் நின்றிருந்தது. அதனடியில் ஒரு ஜீப். மஞ்சள் தலைக்கவசம் போட்ட மேற்பார்வையாளர் கையை மேலே நீட்டினார்.

“மணியா? அன்னா மேல நிக்கான். பேரிங்குல சத்தம் வருதுன்னு பாக்கான். எப்ப எறங்குவான்னு சொல்ல முடியாது.”

தலை சாய்த்துப் பார்த்தேன். உச்சியில் ஒரு சிறு புள்ளி. ஒரு மணி நேரம் ஜீப்பின் மறைவில் உட்கார்ந்திருந்தேன். என்ன கேட்பது என்று விமானத்தில் எழுதி வைத்திருந்தேன். முதல் கேள்வி: விடுபட்ட படங்கள் எங்கே? இரண்டாவது: யார் சொல்லி அழித்தாய்? காகிதத்தைக் கையில் பிடித்திருக்க முடியவில்லை, காற்று பறித்தது. மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கோபுரத்தின் அடியில் கதவு திறந்து மணி வெளியே வந்தான். கவசத்தைக் கழற்றினான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றான்.

“கனி சொன்னா, நீங்க வந்தியன்னு.”

“மணி, ஏன் ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் போடல?”

“என்ன பதில் போட?”

“படங்கள் எங்கேன்னு கேட்டிருந்தாங்க இல்லையா?”

அவன் சிரித்தான். சந்தோஷமான சிரிப்பு இல்லை. “அக்கா, எல்லாம் தெரிஞ்சிட்டேதானே கேக்கிய?”

“எனக்கு என்ன தெரியும்?”

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். காற்று எங்கள் இருவருக்கும் நடுவே இரைந்தது. நான் நடிக்கிறேனா என்று அவன் தேடுவது எனக்குப் புரிந்தது. எதற்காக என்றுதான் புரியவில்லை.

“சத்தியமா ஒங்களுக்கு ஓர்மை இல்லியா?” என்று மெதுவாகக் கேட்டான். பிறகு மேற்பார்வையாளர் பக்கம் திரும்பிப் பார்த்தான். “நாளைக்கு எனக்கு லீவு. வீட்டுக்கு வாங்க. நோட்டு அங்கதான் இருக்கு. நீங்களே பாருங்க.”

அன்று மாலை டீட்டர் குறுஞ்செய்தி அனுப்பினார். கிடைத்தானா? கிடைத்தான், நாளை சொல்கிறேன் என்று பதில் போட்டேன். மார்த்தாண்டத்தில் நான் தங்கியிருந்த விடுதியில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் தந்தார்கள். குழம்பில் எங்கள் ஊரைப்போலவே புளியும் காரமும் தூக்கலாக இருந்தன. இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. ஓர்மை இல்லையா என்றானே, எது நினைவில் இல்லை?

புதன்கிழமை கனி கதவைத் திறந்தாள். சாயா கொண்டுவந்து வைத்தாள். அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் இயந்திரத்துக்குப் பராமரிப்பு நாள் என்று அன்று போகவில்லையாம்.

மணி ஒரு கறுப்பு அட்டை நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். “வாசிங்க.”

தமிழில் எழுதியிருந்தான். நேரம், அதன் பக்கத்தில் ஒரு வரி. ‘9.12 கம்ப்ரசர் ஓய்ந்தது. ஷட்டர் திறந்தேன். 9.16 கம்ப்ரசர் தொடங்கியது. ஷட்டர் மூடினேன். 9.31 ஓய்ந்தது. திறந்தேன்.’ பக்கம் பக்கமாக இதேதான். மூன்று நாட்களுக்கும்.

லேசருக்குள் இருக்கும் படிகத்தைக் குளிர்விக்க ஒரு சில்லர் இருக்கிறது. பக்கத்து அறையில், தனி அடித்தளத்தில். அதன் அதிர்வு வருகிறதா என்று மேசைமேல் கருவி வைத்துப் பார்த்திருக்கிறோம், மேசை அசையவில்லை. மணி வேறொன்றைக் கவனித்திருக்கிறான். சில்லரின் கம்ப்ரசர் ஓடும்போது தண்ணீர்க் குழாயில் ஒரு துடிப்பு. அது குழாய் வழியே போய்ப் படிகத்தின் பிடியை அசைக்கிறது. அங்கே ஓர் இழை நகர்ந்தால் கற்றை எங்கோ போய் விழுகிறது. குழாயில் கையை வைத்தே அதைக் கண்டுபிடித்திருக்கிறான். கம்ப்ரசர் ஓய்ந்த சில நிமிடங்களில் மட்டும் சுட்டிருக்கிறான். மற்ற நேரங்களில் லேசர் துடிக்கும், எண்ணியில் ஏறும். ஷட்டர் மூடியிருப்பதால் கற்றையும் இல்லை, படமும் இல்லை.

எதையும் அவன் அழிக்கவில்லை.

“இதைக் கட்டுரையில் எழுதியிருக்கணுமே மணி. ஏன் எழுதல?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவன் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தான். எங்கள் கட்டுரையின் வரைவு. நடுவில் ஒரு வரி: எல்லா ஷாட்களும் குளிரூட்டியின் கம்ப்ரசர் ஓய்ந்திருந்த இடைவேளைகளில் மட்டுமே எடுக்கப்பட்டன. அதன்மேல் நீல மையில் ஒரு கோடு. ஓரத்தில் அதே மையில் எழுதியிருந்தது: ‘தேவையற்ற விவரம். இடம் பற்றாது. நீக்கு.’

கையெழுத்து என்னுடையது.

“இதப் பாத்துட்டு ஒங்ககிட்ட வந்து கேட்டேன்” என்றான் மணி. “நீங்க கோட்டு போட்டுட்டு டிராம் பிடிக்க நின்னிய. ‘எல்லா லேப்லயும் இப்படி ஏதாவது இருக்கும், விடு’ன்னிய. நானும் விட்டேன். அது எனக்க தப்பு. பொறவு படம் எங்கன்னு கடிதம் வந்துது. ஒங்களுக்குத் தெரிஞ்சும் கேக்கினும்னா, எனக்க தலையில போட முடிவு பண்ணியாச்சுன்னு நெனச்சேன்.”

டிராம் நினைவுக்கு வந்தது. கோட்டின் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்ததுகூட நினைவுக்கு வந்தது. மணி என்ன கேட்டான் என்பது மட்டும் அதுவரை என் தலைக்குள் எங்குமே இல்லை. ஒரு மாதமாக அவனைப் பற்றி நான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. கனி வாசற்படியில் சாய்ந்து நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் மறந்துட்டேன்” என்றேன். வேறு சொல் வரவில்லை.

“மறக்கிய அளவுக்குச் சின்னதா அது?” என்றாள் கனி.

நான் நோட்டை மறுபடி புரட்டினேன். பிறகு நான் கேட்டேன். “அப்படியானால் இப்போது ஏன் யாராலும் முடியல? தொடர்ந்து சுட்டாலும், ஓய்ந்த நேரத்தில் விழுந்த ஷாட்களாவது நடுவில் இருக்கணுமே?”

“நான் செய்தது சனவரியில. இப்ப அங்க வெயிலு. சில்லர் ஓயவே செய்யாது” என்றான் மணி. “வேணும்னா கம்ப்ரசர கையால நிறுத்திப் பாருங்க. பம்பு ஓடட்டும். நாலு நிமிஷம் தாங்கும்.”

தாங்காவிட்டால் படிகம் விரிசல் விடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் லேசரே இருக்காது.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. பின்னால் ரப்பர் சரிவில் ஏறி, மேலே ஒரு பாறைக்குப் போனோம். மழை தூறியது. மணி குடையைப் பிடித்தான், கனியும் வந்தாள். ஜெர்மனியில் அப்போது நண்பகல். டீட்டர் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு, நோட்டைப் பற்றியும் சில்லரைப் பற்றியும் சொன்னேன். கோடு போட்டது யார் என்பதை அப்போது சொல்லவில்லை. அதை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

டீட்டர் யோசித்தார். “லேனா இருக்கிறாள். செய்து பார்க்கலாம்.”

லேனா எங்கள் லேசர் பொறுப்பாளர். அவள் குரலில் பயம் தெரிந்தது. “படிகத்துக்கு ஏதாவது ஆனால் நான் பொறுப்பில்லை. மணி, இருக்கிறாயா?”

“இருக்கேன் லேனா. தண்ணி வெப்பத்தையே பாத்துக்கிட்டு இரு. சிவப்புக் கோட்டுக்குப் போனா உடனே கம்ப்ரசரப் போட்டிரு” என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

“நிறுத்துகிறேன்.”

ஆறு விநாடிக்கு ஒரு ஷாட். அவள் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். “ஒன்று, இடப்பக்கம். இரண்டு, இடப்பக்கம், மேலே. மூன்று, கீழே.”

மணி குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கைபேசிப் பக்கம் குனிந்தான்.

“பொறு” என்றான். “குழாய் அடங்கணும்.”

“ஐந்து, நடுவில். ஆறு, நடுவில். ஏழு, நடுவில்.” லேனாவின் குரல் ஏறியது. “எட்டு, நடுவில். ஒன்பது...”

அழைப்பு அறுந்தது.

திரும்ப அழைத்தேன். போகவில்லை. கனி தன் கைபேசியை நீட்டினாள், அதிலும் போகவில்லை. மூவரும் பாறையின் மறுபக்கத்துக்கு ஓடினோம். காலில் ஈரச் சருகு வழுக்கியது. ஜெர்மனியில் எங்கள் லேசரின் படிகம் சூடேறிக்கொண்டிருந்தது. இங்கே நாங்கள் ஒரு கோடு சிக்னலுக்காகக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“முப்பத்தொன்று, நடுவில்!” குரல் திடீரென்று வந்தது. “கேட்கிறதா? எல்லாம் நடுவில். முப்பத்திரண்டு, நடுவில். வெப்பம் ஏறுகிறது. முப்பத்தேழு, நடுவில். முப்பத்தெட்டு, கொஞ்சம் மேலே.”

“போட்டிரு” என்றான் மணி. அவன் சொல்லும்போதே அந்தப் பக்கம் எச்சரிக்கை மணி அடித்தது. அது நின்றது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

“படிகம் நன்றாக இருக்கிறது” என்றாள் லேனா. அழுதாள் என்று நினைக்கிறேன்.

மணி பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். குடை சரிந்தது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

டீட்டரின் குரலில் பல வாரங்களாகக் கேட்காத உற்சாகம். “பிரமாதம். அவன் எதையும் அழிக்கவில்லை. கட்டுரை அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை முடியட்டும், பிறகு குழாயை மாற்றிவிடலாம். சில்லர் கதையெல்லாம் குழுவிடம் இப்போது எதற்கு?”

மணிக்கு எல்லாம் கேட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த ரப்பர் மரத்தில் பால் வழிந்த பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சரி என்று சொன்னால் அவன் ஒன்றும் சொல்லமாட்டான் என்று தெரிந்தது. அவன் பெயர் தப்பியது, என் பெயரும் தப்பியது. சரி என்று ஒரு சொல் போதும்.

“டீட்டர், காலை முழுவதும் நிலையாக இருந்தது என்று எழுதியிருக்கிறோம். அது நாலு நாலு நிமிடமாகக் கோத்த காலை” என்றேன். “மணி அதை வரைவில் எழுதியிருந்தான். நான் வெட்டிவிட்டேன். என் கையெழுத்து இங்கே இருக்கிறது.”

இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இருந்தது.

“அவன் அழித்திருப்பான் என்று என்னிடம் சொன்னதும் நீதானே?”

“நான்தான்.”

“அப்படியானால் குழுவுக்குக் கடிதத்தை நீயே எழுது. உன் பெயரில்.” வைத்துவிட்டார்.

இறங்கும்போது மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒரு கிளையை விலக்கி எனக்கு வழிவிட்டான். “அந்த வரி வந்தாப் போதும்க்கா.” பிறகு கொஞ்சம் நடந்து, “ஒங்க பெரிய சாரிட்ட சொன்னியளே, அது எனக்குத் தெரியாம இருந்துது. இப்ப தெரிஞ்சிட்டு. அது போறதுக்கு நாளாவும்” என்றான். நான் தலையாட்டினேன்.

வீட்டில் கனி சோறு போட்டாள். மீன்கறி, அவியல், பப்படம். அந்தப் பயணத்தில் நான் முழுதாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு. “கறி வேணுமாக்கா?” என்று ஒருமுறை கேட்டாள்.

கடிதத்தை அன்றே அனுப்பினேன். வியாழன் காலை பதில்கள் வந்தன. கட்டுரை திருத்தத்துக்காக நிறுத்தி வைக்கப்பட்டது. மருத்துவமனைக் குழு எங்கள் விண்ணப்பத்தை இந்த முறை எடுக்காது. கற்றைப் பொறுப்பை நான் லேனாவிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்றையும் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். நினைத்ததைவிட அதிகமாக வலித்தது.

மணி அன்றும் விடுப்பு எடுத்திருந்தான். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் காரில் என்னை விமான நிலையத்தில் விடுவதாகச் சொன்னான். முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் அவன். பின்னால் அப்பா நடுவில், நானும் கனியும் இரு பக்கமும். குழித்துறைப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. ஆறு சிவப்பாகப் பெருகி ஓடியது.

“திரும்ப வருவியா?” என்று மணியிடம் கேட்டேன்.

“அப்பாக்குக் கரண்டு வச்சு முடியட்டும்” என்றான், திரும்பாமல். அதை நான் எந்தப் பக்கமும் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பாவுக்குக் குரல் கரகரத்தது. தொண்டையில்தான் கட்டி. அதுவரை என்னிடம் ஒரு சொல்லும் பேசாதவர், களியக்காவிளை நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளே, நீயும் இவனும் செய்யது கரண்டு வைக்க மெஷினா?”

“அது மாதிரி ஒன்றுதான்ப்பா. இன்னும் முடியல.”

“எனக்க மூஞ்சியில வலை மாதிரி ஒண்ண மூடி, கட்டிலோட சேத்து முறுக்கிப் போடுகினும். மூச்சு விடலாம், அனங்கப்படாது. ஒரு நூலு அனங்கினா வேற எடத்துல படுமாம்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நான் அனங்காம கெடப்பேன். அந்த மெஷினு அனங்காதா?”

கனி என்னைப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரியில் இருக்கிறது அசையாதுப்பா. பயப்படாதீங்க” என்றேன். “நாங்க செய்றதுதான் அசையுது.”

“கொஞ்ச நேரமாவது அனங்காம நிக்குமா?”

“நாலு நிமிஷம் நிற்கும்.”

அவர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். விரல்கள் மட்டும் முழங்காலில் ஒவ்வொன்றாக மடங்கின.

“எனக்குப் பத்து நிமிஷம் ஆவும்” என்றார். “அப்ப இன்னும் ஆறு வேணும்.”

“ஆமாம்ப்பா” என்றேன். “இன்னும் ஆறு வேணும்.”